ஆள் ஏறாத தராசு

எங்கள் திருச்சபை மலருக்கு என் மைத்துனனைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். படித்தவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்டார்கள் என்றால், அந்தப் பதினெட்டு நாளும் கூடவே இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் பத்து எடையை மனக்கணக்காகக் கூட்டச் சொன்னால், பட்டம் வாங்கினவன் காகிதம் தேடுவதற்குள் விடையைச் சொல்லிவிடுவேன். இந்த ஊரில் எந்தக் கடைத் தராசைத் திறந்து பார்த்தாலும் உள்ளே என் கை பட்டிருக்கும். ஒரே ஒரு திருப்புளியோடு ஆரம்பித்தேன். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். இப்படிப்பட்டவனே பயந்துபோனேன் என்று எழுதினால், விஷயம் சின்னதில்லை என்று உங்களுக்குப் புரியும் அல்லவா, அதற்காகவும் சொல்கிறேன்.

அவனை எல்லாரும் முள்ளு என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவியின் தம்பி. ஆள் ஒல்லி. தராசு முள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவானே தவிர ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்று அந்தப் பெயரை வைத்ததே நான்தான். செருப்பு வாங்கப் போனால் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு, பழைய செருப்போடு திரும்பி வருவான். அவன் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "கல்யாணத்துல 'சம்மதமா'ன்னு போதகர் கேட்டாரு. இவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பொண்ணுக்கே கால் வலிச்சு உக்காந்துட்டா!"

ஆனால் கை என்றால் அப்படி ஒரு கை. தராசுக்குள் இருக்கும் வில்லை விரலால் சுண்டிப் பார்த்தே, எத்தனை கிராம் தப்பாகக் காட்டும் என்று சொல்லிவிடுவான். பத்தொன்பது வருஷம் என் பட்டறையில் வேலை பார்த்தான். காலையில் அவன்தான் முதலில் வந்து ஷட்டரைத் தூக்குவான்.

அவனுக்கு ஒரு ஆசை உண்டு. ஒரு தடவை பிரசவ ஆஸ்பத்திரியில் தராசு பழுது என்று போயிருந்தான். பிறந்த குழந்தையை நர்சு தட்டில் வைக்கிறாள். அது வீறிட்டுக் கையையும் காலையும் உதறுகிறது. முள் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது. நர்சு ஒரு குத்துமதிப்பாக ஏதோ எழுதிக்கொள்கிறாள். அன்றைக்கு அவன் மனசில் விழுந்தது அது. அழுகிற குழந்தையை நிறுக்க ஒரு தராசு வேண்டும். பிள்ளை எத்தனை உதைத்தாலும் முள் நிதானமாக வந்து சரியான இடத்தில் நிற்க வேண்டும். பில் காகிதத்தின் முதுகிலெல்லாம் படம் போட்டான். பிஸ்கட் டின்னில் ஒரு மாதிரி செய்து, ஆட்டத்தை அடக்க உள்ளே எண்ணெய்க் கிண்ணம் வைத்து, எங்கள் வீட்டுப் பூனையைப் பிடித்து உட்கார வைத்துப் பார்த்தான். பூனை அவன் மூக்கைக் கீறியது. முள் மட்டும் ஆடாமல் நின்றது.

இதை என் பட்டறையில் வைத்துச் செய்ய இடமில்லை. இடமில்லை என்று நான் சொல்லிவிட்டேன் என்பதுதான் நிஜம். அவன் கை எனக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த மர டிப்போவின் சொந்தக்காரர் அவனிடம் ஒரு பேச்சுப் பேசினார். லாரிகளை அப்படியே ஏற்றி நிறுக்கிற எடைமேடை ஒன்று அங்கே இருந்தது. இரும்புத் தளத்துக்குக் கீழே ஆள் இறங்குகிற ஆழத்துக்குக் குழி. குழிக்குள்தான் லீவர்கள் எல்லாம். "மேடையை ஓட வைச்சுக் குடு. பக்கத்து ஷெட்டை நீ எடுத்துக்க, உன் தராசைச் செய். இந்த மாசத்துக்குள்ள சொல்லணும். இல்லைன்னா டயர்க்காரனுக்குக் குடுத்துருவேன்" என்றார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே எடை போட்டவர் அந்தக் குழிக்குள் இறங்கி, அங்கேயே உட்கார்ந்தபடி இறந்துபோயிருந்தார். மாரடைப்பு என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை.

போனால் என் பட்டறை வேலை போகும். இரண்டு பெண் பிள்ளைகள். தராசு ஓடாவிட்டால் நடுத்தெரு. முள்ளு இரண்டு வாரம் ஆடினான். பிறகு விசுவாசிகள் மட்டும் செய்கிற தப்பு ஒன்றைச் செய்தான். ஆண்டவரிடம் அடையாளம் கேட்டான்.

வேதாகமத்தில், ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டுவிட்டு, பனி தோலில் மட்டும் விழட்டும், தரை காய்ந்திருக்கட்டும் என்று கேட்டவரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் நீங்களும் படித்திருப்பீர்கள். இவனும் அதையே பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை நான் வந்தபோது ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. அவன் தெருவில் நின்றான்.

"அத்தான், நீங்க முதல்ல உள்ள போங்க."

"ஏன், உள்ள புலி வந்து படுத்திருக்கா?"

"மேடைத் தராசைப் பாருங்க."

மூலையில் ஆளுயர மேடைத் தராசு ஒன்று இருந்தது. மூட்டை நிறுக்கிறது. வட்ட முகம், நூறு கிலோ வரை காட்டும். சாயங்காலம் நான்தான் முள் நகராதபடி பூட்டுக் கம்பியைப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். கம்பி போட்டபடியே இருந்தது. மேடை காலி. முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

"காலி மேடையில முள்ளு நகர்ந்திருந்தா நான் டிப்போவுக்குப் போறேன்னு ஜெபம் பண்ணினேன் அத்தான்."

"அப்பப் போயேன்டா." போக மாட்டான் என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

அவன் வாசலைத் தாண்டவில்லை. "வில்லு தளர்ந்திருக்கலாம்ல?"

இந்த இடத்தில் நான் ஒரு பாவம் செய்தேன். "ஆமா, தளர்ந்துதான் இருக்கும்" என்றேன். விறைப்பாக இருந்த வில் அது, போன வாரம்தான் நானே மாற்றியிருந்தேன்.

அவன் ஆண்டவரிடம் மறுபடியும் கேட்டான். இந்தத் தடவை மேடைத் தராசு சைபரில் நிற்கட்டும், மற்றத் தராசுகள் நகரட்டும் என்று. பழுது பார்க்க வந்தவை பதினொன்று அலமாரியில் வரிசையாக இருந்தன. மறுநாள் காலை அவனும் நானும் சேர்ந்தே ஷட்டரைத் தூக்கினோம். மேடைத் தராசு சைபர். அலமாரியில் பதினொரு முள்ளும் சைபரை விட்டு விலகி நின்றன. ஒன்று ஏழில், ஒன்று இரண்டரையில், ஒன்று நாலு முந்நூறில். தட்டுகளில் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை.

என் மூளை என்னைக் கேட்காமலே கூட்டிக்கொண்டு போனது. கடைசித் தராசுக்கு வந்தபோது கணக்கு முடிந்தது. ஐம்பத்தெட்டு கிலோ இருநூறு.

"மேடையில ஏறுடா."

"எதுக்கு?"

"ஏறுன்னா ஏறு."

ஏறினான். ஐம்பத்தெட்டு கிலோ இருநூறு.

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அது எங்கேயோ தொலைவில் அடிப்பது போல இருந்தது.

"இன்னும் என்னடா வேணும் உனக்கு?" என்றேன்.

"பயமா இருக்கு அத்தான்" என்றான். அன்றைக்கும் போகவில்லை.

இதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே நடந்தது. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் மேடைத் தராசு முள் நகர்ந்து நின்றது. ஐம்பத்தேழு எண்ணூறு. ஐம்பத்தேழு நானூறு. நான் வில்லை மாற்றினேன். ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்த்தேன். எலிப்பொறி வைத்தேன். மேடை முழுக்கச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவிவிட்டுப் பூட்டினேன். காலையில் தூள் தூவினபடி கலையாமல் கிடந்தது. ஒரு கோடு விழவில்லை. முள் ஐம்பத்தாறில் நின்றது.

தினமும் முள்ளைச் சைபருக்குத் திருப்பிவிட்டு அவனையும் நிறுத்துப் பார்த்தேன். நாலாவது நாள் எனக்கு விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம். இன்றைக்குக் காலையில் ஆளில்லாமல் தராசு என்ன காட்டுகிறதோ, நாளைக்குக் காலையில் அவன் எடை அதுவாக இருந்தது. கிராம் பிசகவில்லை. தராசு அவனைவிட ஒரு நாள் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் என் இரண்டு விரல் போகிற இடம் வந்துவிட்டது. என் மனைவி அழுதாள். "வேதத்துல வர்ற அந்த ராஜாவைத் தராசுல நிறுத்துப் பார்த்துக் குறைஞ்சு போயிட்டேன்னு சுவத்துல எழுதினாங்களே, அது மாதிரி என் தம்பியை நிறுக்கிறாங்கங்க" என்றாள். நான் அவளை அதட்டினேன். அதட்டிவிட்டு நானே போய்ப் போதகரைக் கூட்டி வந்தேன்.

போதகர் தராசை நெருங்கவில்லை. வாசலிலேயே நாற்காலியைப் போடச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு முள்ளுவைப் பார்த்தார்.

"தம்பி, அடையாளம் கேட்டவங்க கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். அடையாளம் கிடைச்சதும் அவங்க என்ன செஞ்சாங்க?"

"எழுந்து போனாங்க ஐயா."

"நீங்க?"

அவன் மேசையிலிருந்து ஒரு வில்லை எடுத்துச் சுண்டினான். பிறகு போதகர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அவரைப் போன்னு சொன்னீங்களா?"

நான் முழங்காலில் நிற்கும்போது கூட முதுகு வளைக்காதவன் என்று சபையில் கேலி உண்டு. அன்றைக்குப் போதகர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். "சாப்பாட்டு நேரமாச்சு" என்றேன்.

என் கண்ணால் பார்த்ததை இப்போது எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பதினைந்தாம் நாள், நல்ல மத்தியானம். முள்ளு சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தராசுக்கு எதிரே உட்கார்ந்தேன். எவனாவது வேலை காட்டுகிறான், பிடித்துவிடலாம் என்றுதான். மணி ஒன்றரை இருக்கும். தெருவில் சத்தமே இல்லை. மேடை கிறீச்சிட்டது. ஒரு ஆள் ஒரு காலை வைக்கும்போது கிறீச்சிடும் அல்லவா, அப்படி. முள் பாதி தூரம் வந்தது. பிறகு இரண்டாவது கால். முள் முழுக்க வந்தது, கொஞ்சம் தாண்டிப் போனது, திரும்பியது, ஆடி ஆடி நின்றது. அசையாமல் நிற்கத் தெரிந்த ஆள் ஏறினால்தான் அப்படி நிற்கும். ஐம்பது வருஷத் தொழிலில் அது எனக்குத் தெரியாதா?

எதிரே யாரும் இல்லை. ஆனால் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி என் முகம் சுட்டது. கோபமாகப் பார்த்த மாதிரி இல்லை. பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் நான் சத்தமாகச் சொன்னேன், காலிக் கடையில்: "நான் அவனைத் தடுக்கல." சொன்னது பொய் என்று எனக்கே கேட்டது. மேடை மறுபடி கிறீச்சிட்டது. முள் சைபருக்குப் போனது.

முள்ளு சாப்பிட்டுவிட்டு வந்ததும், "டிப்போவுக்குப் போடா. நான் தடுத்தேன், தப்புத்தான்" என்றேன். என் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லை அவன் அதுவரை கேட்டதில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், காய்ச்சலோ என்று.

அப்போதும் போகவில்லை. மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அன்றைக்குக் காலையில் முள் ஐம்பத்துமூன்றில் நின்றிருந்தது. அடுத்த நாளும் அதற்குக் கீழேதான்.

பதினேழாம் நாள் காலை. ஷட்டரைத் தூக்கினோம். முள் சைபரில் நின்றது.

யோசித்துப் பாருங்கள். காலியான தராசு சைபர் காட்டுகிறது. உலகத்தில் எல்லாத் தராசும் அப்படித்தான் காட்ட வேண்டும். அதைச் சரிப்படுத்திக் கொடுக்கத்தான் ஜனங்கள் என்னிடம் வருகிறார்கள். ஆனால் அன்றைக்கு அந்தச் சைபரைப் பார்த்து இரண்டு ஆம்பிளைகளும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றோம். இன்றைக்குத் தராசு காட்டுவதுதான் நாளைக்கு அவன் எடை. நாளைக்கு அவன் எடை ஒன்றுமில்லை.

"பழுது சரியாயிடுச்சு போல" என்று சொல்லிப் பார்த்தேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

அவன் தன் மேசையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த இரண்டு தராசுகளை முடித்துத் துடைத்து வைத்தான். தன் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியில் சுற்றிப் பையில் வைத்தான். நாலு மணிக்கு, "வர்றேன் அத்தான்" என்றான். பத்தொன்பது வருஷத்தில் ஆறு மணிக்கு முன்னால் அவன் கிளம்பினதில்லை. அவன் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. நான் அப்படியெல்லாம் பழகாதவன். "சரி" என்றேன்.

பதினெட்டாம் நாள் காலை நானே முதலில் போய் ஷட்டரைத் தூக்கினேன். எட்டரை. ஒன்பது. அவன் வரவில்லை. மூலைப் பக்கம் திரும்பாமல் ஒரு தராசைக் கழற்றினேன். திருகாணி கையிலிருந்து நழுவி அந்த மூலைக்கே உருண்டது, குனிந்து எடுக்கத் தைரியம் வரவில்லை. ஒன்பதரைக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். எழுபதை நெருங்குகிறவன் ஓடினேன்.

அவன் மனைவி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, இப்படி மூச்சு வாங்குது? அவர் ஆறு மணிக்கே கிளம்பிட்டாரே, கடைக்கு வரலையா?"

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. டிப்போவுக்குப் போனேன்.

இரும்புக் கதவு திறந்து கிடந்தது. முற்றம் முழுக்க அழுகின மரத்தின் வாடை. எடைமேடையின் ஓரத்தில் ஒரு தகடு நகர்ந்து கிடந்தது. அந்தக் கறுப்பு ஓட்டைக்குப் பக்கத்தில் அவன் கருவிப் பையும் ஜோடிச் செருப்பும் இருந்தன. சட்டை மடித்து வைத்திருந்தது. மடித்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உடம்போடு சேர்த்துத் துணியையும் கொடுப்பார்களே, அப்படி மடித்திருந்தது.

"மாப்ளே!"

என் குரல் கீழே போய்ச் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது.

ஓட்டையின் விளிம்பில் மண்டியிட்டேன். முதுகு தானாக வளைந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

"யாரு, அத்தானா?" கீழேயிருந்து வந்தது. "அந்தப் பையில பதினாலாம் நம்பர் ஸ்பேனர் இருக்கும். எடுத்துக் குடுங்க."

"உயிரோட இருக்கியாடா?"

"இப்போதைக்கு இருக்கேன். ஸ்பேனரைக் குடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. சந்தோஷம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "அறிவிருக்காடா உனக்கு? சொல்லாம கொள்ளாம! பயமே இல்லையா?"

"கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. முழங்கால் வரைக்கும் தண்ணி. என்னமோ உரசிட்டுப் போகுது, கயிறா பாம்பான்னு தெரியல."

"பின்ன எதுக்கு இறங்கினே?"

கீழே அவன் ஒரு லீவரைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"நேத்து சைபரைப் பார்த்ததும் நான் அவ்வளவுதான்னு முடிவு பண்ணிட்டேன் அத்தான். சரி, ஒரே ஒரு நாள் இருக்குன்னா அதை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு ஆண்டவர்கிட்ட கேட்டேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ள இந்த இடம்தான் மனசுல வந்துச்சு. உங்க கடை வரல, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவை அடையாளம் எதுவும் கேக்கல. வெறுங்கையோட இறங்கிட்டேன்."

"அப்ப அந்தச் சைபரு?"

"இன்னைக்குக் காலையில நான் உங்க தராசுல ஏறினேனா?"

"இல்ல."

"அப்ப சரியாத்தானே காட்டியிருக்கு?"

உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த மேடையில் ஏறி நின்றது யார் என்று போதகரிடம் பிறகு கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பையில் தேடிப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். ஓட்டைக்குள் கையை நீட்டினேன். இருட்டிலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. எலும்பாக இருந்தாலும் பிடி கெட்டியாக இருந்தது.

அந்த மேடையை ஓட வைக்க அவனுக்கு நாலு மாதம் பிடித்தது. குழந்தைத் தராசுக்கு இன்னும் ஒரு வருஷம். முதல் மூன்றும் ஓடவில்லை, நாலாவது ஓடியது. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருடைய பேரப்பிள்ளைகள் முதன்முதலாகப் படுத்தது அவன் செய்த தட்டில்தான். அதெல்லாம் ஊருக்கே தெரியும்.

அன்றைக்கு நான் சாயங்காலம் வரை அந்த விளிம்பில் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். பிறகு திறந்துபோட்டு வந்த என் கடைக்குப் போனேன். ஒரு அட்டையைக் கிழித்து, என் நாலாம் வகுப்புக் கையெழுத்தில் பெரிதாக 'வேலைக்கு ஆள் தேவை' என்று எழுதி, ஷட்டரில் கட்டித் தொங்கவிட்டேன்.